ஏடிஹெச்டி இருக்கா, வீடும் பெருசா? வெளக்குமாறு, மாப்பு எல்லாம் எங்க வைக்கிறதுன்னு பாப்போம்

நான் இருக்கறது செட்டிநாட்டு பழைய வீட்ல. முகப்பு, முற்றத்தை சுத்தி இருக்கற வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டுன்னு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். எனக்கு ஏடிஹெச்டியும் இருக்கு, கவனம் ஒரு எடத்துல நிக்காம தாவிக்கிட்டே இருக்கற மூளை நிலை அது. இந்த ரெண்டும் சேந்தா கூட்டறது கூட கஷ்டமில்லங்க, கூட்ட வெளக்குமாறு எடுத்துட்டு வர்றது தான் கஷ்டம். முகப்புல மண்ணு கெடக்கேன்னு பின்கட்டுக்கு நடப்போம், வழியில கரண்ட் பில்லு கண்ணுல படும், அதை கட்டிரலாம்னு போனை எடுப்போம், போன்ல வேற என்னமோ வந்திருக்கும், சாயங்காலம் பாத்தா மண்ணு அங்கனயே கெடக்கும். ஏடிஹெச்டில வொர்க்கிங் மெமரி லேசுல நழுவிரும், போற வேலையை மனசுல புடிச்சு வைக்கிற சக்தி அது. அதுக்கு நம்மளை நாமளே சோம்பேறின்னு திட்டிக்கிட்டு பிரயோஜனம் இல்ல, நடக்குற தூரத்தை குறைக்கணும். அமெரிக்காவுல ரஸ்ஸல் பார்க்லின்னு ஒரு சைக்காலஜிஸ்ட், ஏடிஹெச்டி பத்தி பல வருசமா ஆராய்ச்சி பண்ணவர், உதவிங்கறது வேலை நடக்குற எடத்துலயே கைக்கு கிடைக்கணும்னு அடிச்சு சொல்லுவாரு. நம்ம வீட்டுக்கு அதை எடுத்துக்கிட்டா, கட்டுக்கு ஒரு செட்டு, அதாவது வீட்டோட ஒவ்வொரு பகுதிக்கும் ஒண்ணு.

செட்டுன்னா பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு பூந்தொடப்பம், ஒரு மொறம், கிழிச்ச பழைய வேட்டித்துணி ரெண்டு, அவ்ளோ தான். முற்றமும் வாசலும் இருக்கற எடத்துக்கு மட்டும் கூட ஒரு ஈக்குமாறு. நாலு வெளக்குமாறு வாங்குறது வேஸ்ட்டுன்னு வீட்ல சொல்லுவாக, சொல்லட்டும், ஒண்ணே ஒண்ணை வச்சுக்கிட்டு வீடு பூரா தேடறத விட இது மலிவு. ஆனா காரைக்குடி போயி ரேக்கு, டப்பா, ஸ்டாண்டுன்னு அள்ளிட்டு வந்துறாதீங்க. வாங்கும்போது வர்ற உற்சாகம் வீட்டுக்கு வந்ததும் போயிரும், அப்புறம் அந்த ரேக்கை தொடைக்கறது ஒரு தனி வேலை.

எல்லா சாமானையும் வளவுல கொட்டி மொத்தமா அடுக்குங்கன்னு சில பேரு சொல்வாக, நம்மளுக்கு அது ஆகாது. பாதியில எந்திரிச்சு போயிருவோம், மூணு நாளைக்கு வளவுல நடக்க முடியாது. ஒரு நேரத்துக்கு ஒரு கட்டு, அங்க இருக்கற பழைய சாமான் மட்டும். ஈக்கு உதுந்து கட்டையா போன வெளக்குமாறு, மூடி இல்லாத பாட்டில், இதெல்லாம் அப்பவே வெளிய போயிரணும், "எதுக்காச்சும் ஆகும்"னு எடுத்து வைக்க கூடாது. தனியா உக்காந்தா ஓடலைன்னா யாரையாச்சும் பக்கத்துல உக்கார சொல்லுங்க, அவுக வேலை செய்யவே வேணாம், சும்மா பேசிக்கிட்டு இருந்தா போதும், இல்லைன்னா போனை ஸ்பீக்கர்ல போட்டு அக்கா தங்கச்சி கூட பேசிக்கிட்டே செய்யுங்க. ஏடிஹெச்டி உள்ள நெறைய பேருக்கு இது வேலை செய்யுது.

இப்ப பெரிய சண்டை, எங்க வைக்கிறது. வெளக்குமாறு வர்றவுக கண்ணுல படக்கூடாது, மகாலட்சுமின்னு அப்பத்தா சொல்லுவாக. நமக்கோ கண்ணுல படாத சாமான் வீட்லயே இல்லாத சாமான். "ஏத்தா, வெளக்கமாத்தை ஏன் இப்புடி நட்டமா நிறுத்தி வச்சிருக்க?"ன்னு அவுக கேக்கறதும், "படுக்க போட்டா மறந்துருவேன் அப்பத்தா"ன்னு நான் சொல்றதும் எங்க வீட்ல வழக்கம். இதுக்கு வீட்டு அமைப்புலயே வழி இருக்கு. நம்ம வீடுகள்ல நிலைவாசல் எல்லாம் ஒரே நேர்கோட்ல இருக்கும், முகப்புல நின்னா பின்வாசல் வரைக்கும் தெரியும். வர்றவுக பாக்கறது அந்த கோட்டைத்தான். அதனால நிலைவாசலை ஒட்டி, வாசலை பாத்து இல்லாம அடுப்படியை பாத்து இருக்கற பக்கத்து செவுத்துல தொங்க விடுங்க. உள்ளருந்து வர்ற நமக்கு தெரியும், வெளிய இருந்து வர்றவுகளுக்கு தெரியாது. நட்டமா நிக்கிற பிரச்சனையும் தீந்துச்சு, தொங்குதுல்ல.

ஆனா முட்டை வெள்ளைக்கரு போட்டு தேச்ச பழைய சுண்ணாம்பு பூச்சுல ஆணி அடிச்சுறாதீங்க, ஒருதரம் பேந்துச்சுன்னா அதே மாதிரி பூச ஆள் தேடணும். ஏற்கனவே இருக்கற கொக்கி, ஜன்னல் கம்பி, இல்ல பழைய துணி ஸ்டாண்டு போதும். கைப்பிடியில கயிறு கட்டும்போது வளையத்தை உள்ளங்கை அளவுக்கு பெருசா விடுங்க. சின்ன வளையம்னா குறி பாத்து மாட்டணும், அந்த ஒரு நொடி பொறுமை கூட நம்மகிட்ட இல்ல, செவுத்துல சாச்சுட்டு போயிருவோம். ஒரு கையால எடுக்கணும், ஒரு கையால வைக்கணும், மூடி, கதவு, டிராயர் எதுவும் நடுவுல வரக்கூடாது. துணிக்கு ஓலைக் கொட்டான் ரொம்ப நல்லது, வாய் தொறந்தே இருக்கும், பாக்கவும் அழகு. ஈரத்துணியை மட்டும் அதுல போடாதீங்க, ஓலை பூஞ்சை புடிச்சிரும்.

மாப்பு தனி கதை. தொடைச்சு முடிச்சதும் நம்ம மூளைக்கு வேலை முடிஞ்சு போச்சு, அலசி காயப்போடறது கணக்குலயே வராது, மறுநாள் வாளியில நாறும். அதனால மாப்புக்கு எடம் தொடைக்க ஆரம்பிக்கிற எடம் இல்ல, அழுக்குத் தண்ணி கொட்டுற எடம். முற்றத்து தண்ணி போற ஓட்டைக்கு பக்கத்துலயே, தலை கீழ்ப்பக்கமா தொங்குற மாதிரி கொக்கி இருக்கணும், கொட்டுன கையோட மாட்டிரலாம்.

பாட்டில் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது. நம்ம தரையில பதிச்சிருக்கற ஆத்தங்குடி கல்லு (டைல்ஸ்) சூளையில சுட்டது இல்ல, கண்ணாடி மேல கலரும் சிமெண்டும் மணலும் ஊத்தி தண்ணியில ஊற வச்சு எடுக்கறது, ஆசிட் பட்டா அரிச்சு கலரு மங்கிரும். மார்பிளும் அப்படித்தான், வினிகர், எலுமிச்சம்பழம் கூட ஆகாது. வெறும் தண்ணி போதும், பிசுக்கு இருந்தா ரெண்டு சொட்டு சோப்பு. அதனால டாய்லெட் ஆசிட் பாட்டில் கக்கூசை விட்டு வெளியவே வரக்கூடாது, அங்கயும் புள்ளைங்க கை எட்டாத ஒசரத்துல. ப்ளீச்சிங் பவுடர் வேற கட்டுல இருக்கட்டும். ரெண்டும் கலந்தா குளோரின் வாயு வரும், மூச்சை அடைச்சுப்போடும், கவனம் பாதியில தாவுற ஆளு இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கவே கூடாது.

ஒட்டடைக்கம்பு, ஏணி, பொங்கலுக்கு மட்டும் எடுக்கற சாமான் எல்லாம் பின்கட்டுல கெடக்கட்டும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு பாருங்க, ஏதாச்சும் ஒரு சாமான் அதோட எடத்துக்கு போகாம வேற ஒரு எடத்துலயே வந்து நிக்குதுன்னா, அதை திருத்தாதீங்க, கொக்கியை அங்க மாத்துங்க. அப்புறம் பங்காளி எல்லாம் வந்து கல்யாணமோ முன்னோருக்கு படைக்கிற படைப்போ நடந்தா எல்லா செட்டும் கலைஞ்சிரும், அதை தடுக்க முடியாது. கட்டுக்கு ஒரு கலர்ல துணிப்பட்டை கைப்பிடியில கட்டி விட்ருங்க, முகப்புக்கு செவப்பு, வளவுக்கு பச்சைன்னு. எல்லாரும் ஊருக்கு போனப்பறம் யாரு வேணாலும் பாத்து எடுத்து மாட்டலாம், நீங்க ஞாபகம் வச்சிருக்க தேவையில்ல.