அமெரிக்காவில் எம்.எஸ். முடிப்பவர்களுக்கு: ஓ.பி.டி. அனுமதியும் வேலை தேடலும்

எஃப்-1 விசாவில் அமெரிக்கா சென்று எம்.எஸ். படிக்கும் மாணவர், படிப்பு முடிந்தபின் அங்கேயே வேலை பார்ப்பதற்கான முதல் வழி ஓ.பி.டி. எனப்படும் பயிற்சிக்கால வேலை அனுமதியாகும். ஒவ்வொரு பட்ட நிலைக்கும் இது 12 மாதங்களுக்குக் கிடைக்கிறது. இதற்கு விண்ணப்பிக்கும்போது வேலை கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை. இது தெரியாமல், வேலை உறுதியான பிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதால், நாட்கணக்கைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

படிக்கும் காலத்தில் இன்டர்ன்ஷிப் செய்வதற்கு சி.பி.டி. என்ற வேறொரு அனுமதி உண்டு. நீங்கள் அங்கே மாணவர் என்பதற்குப் பல்கலைக்கழகம் தரும் சான்றான ஐ-20 படிவத்தில் பல்கலைக்கழகமே அதைப் பதிந்து தருகிறது. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்த பிறகே அது கிடைக்கும். முழுநேர சி.பி.டி.யை 12 மாதங்களோ அதற்கு மேலோ பயன்படுத்தினால் அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. உரிமை போய்விடும். கோடை விடுமுறையில் மூன்று மாதம் முழுநேரமாகச் செய்வதால் அதற்கு எந்தக் குறையும் வராது.

ஓ.பி.டி.க்கு முதலில் அணுக வேண்டியது உங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தை. அங்குள்ள டி.எஸ்.ஓ. அதிகாரி செவிஸ் என்ற அரசுப் பதிவேட்டில் உங்களுக்குப் பரிந்துரை பதிந்து, புதிய ஐ-20 தருவார். பரிந்துரை பதிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் உங்கள் ஐ-765 விண்ணப்பம் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸைச் சேர்ந்திருக்க வேண்டும். ஐ-20இல் உள்ள படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து அதற்கு 60 நாள் பின்பு வரை விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதி மே 10 என்றால், சாதாரண ஆண்டில் பிப்ரவரி 9 முதல் ஜூலை 9 வரை உங்களுக்கு வாய்ப்பு உண்டு. பரிந்துரை பதியப்படும் முன்பே இணையத்தில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டால் அது நிராகரிக்கப்படும், கட்டணமும் திரும்பாது. விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும்.

படிவத்தில் நீங்கள் கேட்கும் தொடக்கத் தேதியைப் பற்றிப் பலர் போதிய அளவு யோசிப்பதில்லை. இந்த நடைமுறை முழுவதிலும் மிக முக்கியமான முடிவு அதுதான் என்பது என் கருத்து. படிப்பு முடிந்து 60 நாட்களுக்குள் வரும் எந்தத் தேதியையும் நீங்கள் கேட்கலாம். அனுமதி கிடைத்ததும் யு.எஸ்.சி.ஐ.எஸ். அனுப்பும் வேலை அட்டை கைக்கு வந்து, அதில் அச்சிட்ட தொடக்க நாளும் வந்த பிறகுதான் வேலையில் சேர முடியும். அதே நாளிலிருந்து வேலையின்றி இருக்கும் நாட்களும் எண்ணப்படுகின்றன: சனி, ஞாயிறு உட்பட மொத்தம் 90 நாள் மட்டுமே அனுமதி. ஆகவே கையில் வேலை இல்லாதவர் கூடியவரை பிந்திய தேதியைக் கேட்பது நல்லது. வேலை உறுதியானவர் சேரும் நாளை ஒட்டிக் கேட்கலாம். அனுமதி வந்தபின் தேதியை மாற்ற இயலாது. தேதியைப் பிந்திக் கேட்பது வேறு, விண்ணப்பத்தையே பிந்தி அனுப்புவது வேறு. ஓ.பி.டி. முழுவதும் படிப்பு முடிந்து 14 மாதங்களுக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்பதால், தாமதமாக அனுப்பி அனுமதியும் தாமதமானால் அந்த 12 மாதங்களிலேயே நாட்கள் குறையும்.

வேலை உங்கள் படிப்போடு நேரடித் தொடர்புடையதாகவும், வாரம் குறைந்தது 20 மணி நேரமாகவும் இருக்க வேண்டும். முதல் 12 மாதங்களில், தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்ட ஊதியமற்ற தன்னார்வப் பணியும் கணக்கில் சேரும். பேராசிரியரின் ஆய்வகத்தில் அப்படிச் சேர்ந்து 90 நாள் கணக்கை நிறுத்திக்கொள்ள முடியும். வேலை விவரத்தையும் முகவரி மாற்றத்தையும் 10 நாட்களுக்குள் டி.எஸ்.ஓ.வுக்குத் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காவிட்டால், வேலையில் இருந்தும் வேலையற்றவராகவே பதிவேட்டில் இருப்பீர்கள்.

வேலை தேடலைக் கடைசி செமஸ்டருக்கு ஒத்திவைக்க வேண்டாம். பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான ஆளெடுப்பை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகின்றன; வளாகத்தில் வேலைவாய்ப்புக் கண்காட்சிகளும் அப்போதுதான் நடக்கும். நம் ஊர் பயோடேட்டாவில் எழுதிப் பழகிய தந்தை பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, புகைப்படம் எதுவும் அங்கே ரெஸ்யூமேயில் வேண்டாம். ஒரு பக்கத்தில் செய்த வேலையும் அதன் விளைவும் இருந்தால் போதும். விண்ணப்பங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். அமெரிக்காவில் சட்டப்படி வேலை செய்ய அனுமதி உண்டா என்பதற்கு, ஓ.பி.டி. உள்ளவரின் பதில் ஆம். இப்போதோ பின்னரோ விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா என்பதற்கும், நிறுவனம் விண்ணப்பித்துப் பெற்றுத் தரும் எச்-1பி வேலை விசாவுக்குப் போகும் நோக்கம் இருந்தால், பதில் ஆம்தான். இரண்டாவதற்கு இல்லை என்று எழுதி உள்ளே நுழைந்தவர்கள், நிறுவனம் ஸ்பான்சர் செய்ய மறுக்கும் நாளில் தவித்துப் போகிறார்கள்.

90 நாள் நெருங்கும்போது, பணம் வாங்கிக்கொண்டு பயிற்சியும் வேலையும் தருவதாகச் சொல்லும் சில கன்சல்டன்சிகள் கண்ணில் படும். இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமேயில் சேர்க்கச் சொன்னாலோ, வேலையே இல்லாமல் வேலைக் கடிதம் தருவதாகச் சொன்னாலோ, எவ்வளவு நெருக்கடியிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பொய் உங்கள் பெயரில் அரசுப் பதிவேட்டில் நிற்கும். பல ஆண்டுகள் கழித்து விசா நேர்காணலில் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பொறியியல், கணினியியல், கணிதம் போன்ற ஸ்டெம் துறையினருக்கு மேலும் 24 மாத நீட்டிப்பு உண்டு. ஊழியரின் வேலை அனுமதியை இணையத்தில் சரிபார்க்கும் அரசின் ஈ-வெரிஃபை திட்டத்தில் நிறுவனம் பதிந்திருக்க வேண்டும், உங்களுடன் சேர்ந்து ஐ-983 பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும், ஊதியமும் தர வேண்டும். எனவே முதல் வேலையை ஏற்கும்போதே ஈ-வெரிஃபை பற்றிக் கேட்டுவிடுங்கள். முதல் அனுமதி முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே இதற்கு விண்ணப்பிக்கலாம். உரிய காலத்தில் அனுப்பியிருந்தால், முடிவு வரும்வரை 180 நாட்கள் வரை அதே நிறுவனத்தில் தொடரலாம். வேலையற்ற நாட்களின் வரம்பும் இரு காலத்துக்கும் சேர்த்து 150 ஆகிறது.

எச்-1பி பதிவு மார்ச் மாதத்தில் நடக்கிறது. ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்க முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடங்களும் உள்ளன. பல்கலைக்கழகங்களுக்கும் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கும் இந்த வரம்பு இல்லை என்பதால், ஆய்வில் நாட்டமுள்ளவர்கள் அந்த வேலைகளையும் தேடலாம்.

ஓ.பி.டி. காலத்தில் ஊருக்கு வந்து திரும்புவோர் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் விசாவும், வேலை அட்டை, நிறுவனத்தின் கடிதம், கடந்த ஆறு மாதங்களுக்குள் டி.எஸ்.ஓ. பயணக் கையொப்பமிட்ட ஐ-20 ஆகியவையும் வைத்திருக்க வேண்டும். விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் தூதரகத்தில் புதிதாகப் பெற்றே திரும்ப முடியும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.