காபன் கிளைடரில் சிக்னல் அறுந்தால் றேடியோவைத் திட்டுமுன் பார்க்க வேண்டியவை

றேடியோவால் ஓட்டும் காபன் உடல் மாதிரிக் கிளைடர் தூரத்தில் ஒரு நொடி சொல்லுக் கேட்காமல் போனால் எங்கள் பெடியள் முதலில் பழி போடுவது றேடியோ மேல்தான். உடனே வேறு கொம்பனி றிசீவர் (கிளைடருக்குள் இருந்து சிக்னலை வாங்கும் பெட்டி) ஒன்று வாங்கி, பழையது இருந்த அதே இடத்தில், அதே மாதிரி அன்ரெனா வயரை மடித்து ஒட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை பறக்க விட வல்லை வெளிக்கு வந்து நிற்பார்கள். அதுவும் அறும். காசும் போய் நம்பிக்கையும் போன பிறகுதான் உடலைத் திறந்து பார்ப்பார்கள். முதலிலேயே பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

காபன் இழை மின்னைக் கடத்தும், பிரச்சினை முழுக்க அங்கேதான் தொடங்குகிறது. இப்போதைய றேடியோக்கள் பாவிக்கும் 2.4 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர், அதைப் பிடிக்கும் அன்ரெனா நுனி அதில் கால் பங்கு, அதாவது 31 மில்லிமீற்றர் அளவு. அந்தச் சின்னத் துண்டைக் காபன் குழாய்க்குள் வைப்பது, பிஸ்கட் ரின்னுக்குள் றேடியோவைப் பூட்டி வைத்துப் பாட்டுக் கேட்க நினைப்பது போல. முந்தி 35, 72 மெகாஹேட்ஸ் காலத்தில் ஒரு மீற்றர் வயர் வெளியே வால்வரை ஓடும், அதனால் உடல் எதில் செய்தது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கண்ணாடி இழையும் கெவ்லாரும் அலையை உள்ளே விடும். அதனால்தான் போட்டிக் கிளைடர் செய்பவர்கள் பலர் மூக்குப் பகுதியை மட்டும் அவற்றில் செய்து, 2.4க்கு ஏற்ற மூக்கு என்று விற்கிறார்கள். ஆனால் நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மஞ்சள் கெவ்லாருக்குள் வலுவுக்காகக் காபன் பட்டி ஓடியிருக்கலாம், கறுப்பாக இருப்பது வெறும் சாயம் போட்ட கண்ணாடி இழையாகவும் இருக்கலாம். உள்பக்கத்தைச் சாண்ட் பேப்பரால் கொஞ்சம் உரசி, மல்ரிமீற்றரை ஓமில் போட்டு இரண்டு முனையையும் வையுங்கள். அளவு காட்டினால் காபன்.

இதில் ஆளை ஏமாற்றுவது என்னவென்றால், கிட்ட நிற்கும்போது எல்லாம் நன்றாக வேலை செய்யும். மூடியின் இடுக்காலும் செட்டை பூட்டும் இடத்தாலும் கொஞ்சம் சிக்னல் உள்ளே கசியும், நூறு மீற்றருக்கு அது போதும். காபன் 20 டெசிபலை விழுங்கினால், திறந்த வெளிக் கணக்கில் தூரம் பத்தில் ஒன்றாகிவிடும். 2 கிலோமீற்றர் போகக்கூடியது 200 மீற்றரில் நிற்கும். ஞாயிறு பின்னேரம் சும்மா சுற்றி இறக்குபவருக்கு இது தெரியவே வராது. போட்டிக்காரருக்குத்தான் தெரியும். F5J என்ற மின் மோட்டார் கிளைடர் போட்டியின் விதியில் மோட்டார் அதிகபட்சம் 30 செக்கன், அதோடு ஏறிய உயரத்துக்கு 200 மீற்றர் வரை மீற்றருக்கு அரைப் புள்ளி, அதற்கு மேல் மீற்றருக்கு 3 புள்ளி கழியும். எனவே எல்லோரும் பதிவாக, அதாவது குறைந்த உயரத்திலேயே, மோட்டாரை நிறுத்திவிட்டு, 10 நிமிடத்தை நிரப்புவதற்காகத் தேர்மலை (மேலெழும் சூடான காற்றை) தேடித் தூரம் போவார்கள். பதிவு, தூரம், செட்டையைச் சாய்த்துச் சுற்றுவது: சிக்னலுக்கு ஆகாத மூன்றும் ஒன்றாக வருகிற இடம் அது. எங்கள் பக்கத்தில் சோளகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் தேர்மல் கிளைடரை வடகிழக்காக இழுத்துக்கொண்டு போகும், திரும்பி வரும்போது மூக்கு நேரே உங்களைப் பார்க்கும், அப்போது மோட்டார், பற்றரி, சேர்வோ (செட்டை, வால் பலகைகளை அசைக்கும் குட்டி மோட்டார்), முன்னால் போட்ட ஈயம் எல்லாம் அன்ரெனாவுக்கு மறைப்பாக நிற்கும். "வரும்போதுதான் அறுந்தது" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அடுத்த தவறு, அன்ரெனாவை வெளியே எடுத்தும் பிழையான பகுதியை எடுப்பது. வயரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும் பகுதி கொஞ்சம் தடிப்பாக இருக்கும், அது உள்ளே வலைக் கம்பி சுற்றிய கோஅக்ஸ், சிக்னலைக் கொண்டுபோகிற பாதை மட்டும்தான். கடைசியில் ஒரு படி இறங்கி மெலியும். அந்த மெல்லிய 31 மில்லிமீற்றர்தான் சிக்னலை வாங்குவது. தடித்த பகுதியை அழகாக வெளியே எடுத்து வளைத்து, மெல்லிய நுனியை மீண்டும் ஓட்டைக்குள் செருகி வைத்த கிளைடர்களைப் பார்த்திருக்கிறேன், கையில் எடுத்துப் பார்க்க எவ்வளவு துப்புரவான வேலை, ஆனால் பிரயோசனம் இல்லை. நுனியைக் காபன் தோலோடு ஒட்டி ரேப் அடிப்பதும் கிட்டத்தட்ட அதே கதிதான், கடத்தியோடு ஒட்டிக் கிடக்கும் அன்ரெனா தன் அலைவரிசையிலிருந்து விலகிவிடும். சின்ன ஓட்டை போட்டு, அதில் மெல்லிய பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு ஒன்றை ஒட்டி, அதற்குள்ளால் நுனி முழுவதும் உடலிலிருந்து விலகி நிற்கும்படி விடுங்கள். குழாய் இல்லாமல் விட்டால் காபன் ஓட்டையின் கூரான விளிம்பு கோஅக்ஸை நாள்போக்கில் அறுக்கும். இரண்டு கையும் விரித்த டைபோல் அன்ரெனா என்றால் இரண்டு கையுமே வெளியே வர வேண்டும். காற்று இழுவை கூடும் என்று சிலருக்கு மனம் வராது. அந்த மெல்லிய குழாயால் போகிற நொடிகளைவிட ஒரு கிளைடரின் விலை எவ்வளவோ பெரிது, இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

இரண்டு அன்ரெனா தந்திருப்பது ஒன்றால் முடியாததை மற்றது செய்யத்தான். இரண்டையும் சமாந்தரமாக ஒரே பக்கத்தில் விட்டால் ஒன்று இருந்தது மாதிரித்தான். ஒன்றுக்கொன்று 90 பாகையில் வையுங்கள், முடிந்தால் ஒன்று வயிற்றுப் பக்கம், மற்றது பக்கவாட்டில், காபன் செட்டை சாயும்போது இரண்டும் ஒரே நேரத்தில் மறையாதபடி.

சரி, றேஞ்ச் ரெஸ்ற், சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற சோதனை. அதைச் செய்கிறவர்களே குறைவு, செய்கிறவர்களும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கிளைடரைப் புல்லில் கிடத்தி, ஒரே திசையில் நடந்து போய் "ஓகே" என்று வந்துவிடுவார்கள். காபன் உடலுக்கு அது எதையும் சொல்லாது. பறக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே பூட்டுங்கள், செட்டையும் மூடியும் பற்றரியும் உட்பட. கூட்டாளி ஒருவரைத் தோளுயரத்தில் பிடிக்கச் சொல்லி, றேடியோவை வலுக் குறைந்த றேஞ்ச் முறைக்கு மாற்றி, கொம்பனி சொன்ன தூரத்துக்குப் போங்கள் (ஸ்பெக்ட்ரம் என்றால் 30 எட்டு, ஏறத்தாழ 28 மீற்றர்). இனி அவர் மெதுவாகத் திருப்பட்டும்: மூக்கு உங்களை நோக்கி, பிறகு வால், பிறகு வயிறு, பிறகு ஒரு செட்டை நிலத்தையும் மற்றது வானத்தையும் பார்க்க. நீங்கள் ரெலிமெற்றி எண்ணையே (றிசீவர் திருப்பி அனுப்பும் சிக்னல் அளவை) பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் சடாரென்று விழுந்தால் அந்தப் பக்கம் எது மறைக்கிறது என்று உடனே பிடிபடும். மோட்டாரை ஓட்டியும் ஒரு தரம் பாருங்கள், புரொப்பெல்லரில் கையும் முகமும் படாத மாதிரி. FrSky றிசீவரோடு OpenTX மென்பொருள் போட்ட றேடியோக்களில் RSSI (சிக்னல் வலு) எச்சரிக்கை 45இலும் 42இலும் பேசும்படி வைத்திருக்கும். சத்தம் தொந்தரவு என்று அதை நிறுத்தி வைக்காதீர்கள்.

கையில் இருக்கிற ட்ரான்ஸ்மிற்றரும் பாதிப் பொறுப்பு. அன்ரெனா குச்சியின் நுனியைக் கிளைடரை நோக்கி நீட்டினால் மிகக் குறைந்த சிக்னல் போகும் திசை அதுதான், குச்சி பக்கவாட்டாக அல்லது செங்குத்தாக நிற்கட்டும். மனித உடம்பு 2.4ஐ நன்றாக உறிஞ்சும், எனவே நேரம் சொல்லும் உதவியாள் உங்களுக்கு முன்னால் நிற்கக் கூடாது, கிளைடர் தலைக்கு மேலால் பின்னுக்குப் போனால் நீங்களும் உடம்போடு திரும்புங்கள். தூரத்தில் பதிவாகப் போகும்போது பனங்கூடலுக்குப் பின்னால் விடவே விடாதீர்கள்.

எல்லா அறுதலும் சிக்னல் அறுதல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இறங்கும்போது செட்டையின் பின்விளிம்புப் பலகைகளில் உள்பக்கத்துப் பிளாப்பை முழுதாகத் தள்ளி, வெளிப்பக்கத்து எய்லரோனை உயர்த்தி பிரேக் போடும் அந்த நொடியில் சேர்வோ எல்லாம் சேர்ந்து இழுக்கும், பற்றரி கிழடாகவோ வயர் மெல்லிதாகவோ இருந்தால் வோல்ற்றளவு விழுந்து றிசீவர் நின்று மறுபடி எழும்பும். பார்க்க இரண்டும் ஒன்றுதான். றேடியோ சேமித்து வைத்த பறப்புத் தரவை இறக்கிப் பாருங்கள்: RSSI படிப்படியாகவோ கோணத்துக்குக் கோணமோ விழுந்திருந்தால் அன்ரெனா, அது நல்ல நிலையில் இருக்கும்போதே எல்லாம் திடீரென்று நின்றிருந்தால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்.

புள்ளிக்காக இலக்கில் மூக்கைக் குத்தி இறக்கும் பழக்கம் உள்ளவர்கள் றிசீவரில் செருகியிருக்கும் குட்டி அன்ரெனாக் கனெக்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். அது குறைந்த தடவை கழற்றிப் பூட்டுவதற்கென்று செய்தது, அடி பட்டுப் பட்டு மெதுவாகக் கழன்றுவிடும். எங்கள் உப்புக் காற்றில் பச்சை பிடிப்பதும் உண்டு. ஒரு சொட்டு சிலிக்கோன் வைத்தால் அசையாது.

அப்புறம் ஃபெயில்சேஃப், சிக்னல் அறுந்தால் றிசீவர் தானாகச் செய்வது. சில றிசீவர்கள் கடைசிக் கட்டளையை அப்படியே பிடித்து வைக்கும், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் ஓடிக்கொண்டே போகும். மோட்டார் நிற்க, சுக்கான் கொஞ்சம் திரும்ப, பிரேக் கொஞ்சம் இறங்க என்று வைத்து, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ட்ரான்ஸ்மிற்றரை அணைத்துப் பாருங்கள். சோளகத்தில் நேராகப் போக விட்டால் கிளைடரை எங்கேயோ தூரத்தில்தான் தேட வேண்டிவரும்.