'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா? ஒரு சொல்லைப் பழக்கிக்கொள்ளும் செய்முறை

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்த ஒருவர் காலையில் வந்து "ஐ ரேன் இன்டு யுவர் பிரதர் எஸ்டர்டே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பியை வண்டியால் இடித்துவிட்டு இவ்வளவு சிரித்த முகமாகச் சொல்கிறாரே! "இஸ் ஹி ஹர்ட்?" என்று பதறிப்போய்க் கேட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். வழியில் தற்செயலாக அவனைப் பார்த்தேன் என்பதுதான் அவர் சொன்ன சேதி.

அன்றிலிருந்து 'ரன்' (run) என்ற இந்த மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லின் மேல் எனக்கு ஒரு கண். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள்கள் கொண்ட சொல்லாக இருந்தது 'செட்'. அதன் பிறகு நடந்த திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் என்று 2011 வாக்கில் செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத அகராதிக்காரர் ஒருவருக்கு ஒன்பது மாதம் ஆனதாம். நமக்கு அவ்வளவு வேண்டாம். கீழே சொல்லும் வரிசையில் போனால், அன்றாடம் கண்ணில் படும் 'ரன்'களில் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும்.

படி 1: முதலில் நம் 'ஓடு'வை எடுத்துப் பாருங்கள்

ஆறு ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. பொழுது ஓடிவிட்டது. அவர் மனத்தில் என்ன ஓடுகிறதோ! பதற்றத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இவற்றில் ஒன்றுக்காவது கால் இருக்கிறதா? இதையெல்லாம் யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. 'ரன்'னும் இதே போலத்தான். ஆறு, கடிகாரம், நூறு நாள் படம், மனத்தில் ஓடும் எண்ணம் என்று பாதிக்குப் பாதி இரண்டும் ஒன்றாகவே போகும்.

காரணம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஓடுவதோடு நீர் வழிந்து செல்வதையும் குறித்தது. அதன் ஜெர்மன் உறவுச் சொல்லான 'ரின்னென்' இன்றைக்கும் திரவம் ஒழுகுவதைத்தான் சொல்கிறது. நம்மிடம் 'ஓடு'விலிருந்து 'ஓடை' பிறந்தது; அமெரிக்காவின் சில பகுதிகளில் ஓடைக்குப் பெயரே 'ரன்'. 1861-லும் 1862-லும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு சண்டைகள் நடந்த 'புல் ரன்' காளை ஓட்டம் இல்லை, ஓர் ஓடையின் பெயர்.

அதனால் 'ரன்' என்றதும் கால்களை நினைக்காதீர்கள். தண்ணீரை நினையுங்கள். தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் ஒன்று, அவ்வளவுதான் படம்.

படி 2: எது ஓடுகிறது என்று பாருங்கள்

வாக்கியத்தின் எழுவாயைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது. மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுகிறது. துவைத்த துணியில் நிறம் 'ரன்' ஆனால் சாயம் போகிறது. சாலை 'ரன்' ஆனால் அந்தப் பக்கமாகச் செல்கிறது. பேருந்து என்றால் ஓடுகிறது, இதில் சிக்கலே இல்லை. கண்காட்சி என்றால் இன்ன தேதி வரை நடக்கிறது. ஒரு நோயோ, பிடிவாதமோ, பாட்டுத் திறமையோ 'ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்றால் அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. நாம் 'ரத்தத்திலேயே ஓடுகிறது' என்போமே, அதுதான்.

படி 3: எதையாவது 'ரன்' செய்கிறார்களா?

தமிழர்கள் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

தானாக நடப்பதற்கும் நாம் நடக்க வைப்பதற்கும் தமிழில் தனித்தனிச் சொல் உண்டு. ஓடு, ஓட்டு. நட, நடத்து. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ரன்'தான். பின்னால் ஒரு செயப்படுபொருள் வந்தால், யாரோ அதை இயங்க வைக்கிறார்கள் என்று பொருள்.

'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் அவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார். கடையோ, கம்பெனியோ, நாடோ, எதுவாக இருந்தாலும் 'நடத்து' பொருந்தும். அவர்கள் ஓடுகிற இடத்தில் நாம் நடக்கிறோம், வேடிக்கைதான். தேர்தல் வந்தால் இன்னும் வேடிக்கை. அமெரிக்க வேட்பாளர் 'ரன்ஸ் ஃபார்' என்று ஓடுகிறார்; பிரிட்டிஷ் வேட்பாளர் 'ஸ்டாண்ட்ஸ் ஃபார்' என்று நிற்கிறார். நம் வேட்பாளரும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்.

இனி ஒரு பொறி. 'ரன் எ கார்' என்று பார்த்ததும் 'ஓட்டு' என்று எழுதக் கை பரபரக்கும். வேண்டாம். காரை ஓட்டுவதற்கு 'டிரைவ்' இருக்கிறது. 'ரன் எ கார்' என்றால் சொந்தமாகக் கார் வைத்து, பெட்ரோலும் பராமரிப்புமாகச் செலவைத் தாங்குவது. 'ஐ கான்ட் அஃபோர்டு டு ரன் எ கார்' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று அர்த்தமில்லை, கையைக் கடிக்கிறது என்று அர்த்தம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கணினி நிரலை 'ரன்' செய்தால் இயக்குவது. பத்திரிகை ஒரு செய்தியை 'ரன்' செய்தால் வெளியிடுவது. 'ரன் எ டெம்ப்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. 'ரன் எ ரெட் லைட்' என்றால் சிவப்பு விளக்கில் நிற்காமல் போவது. 'ரன் எ பாத்' என்றால் குளிக்கத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது. பாருங்கள், திரும்பவும் தண்ணீர்.

படி 4: ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச்சொல்லை விடாதீர்கள்

'அவுட்', 'இன்டு', 'ஓவர்' போன்றவை பின்னால் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எண்ணுங்கள். பிரித்துப் பொருள் பார்த்தால் என்னைப் போல் அசடு வழிய வேண்டியதுதான்.

'ரன் அவுட்' என்றால் தீர்ந்துபோவது. இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். 'த பேப்பர் ரேன் அவுட்' என்றால் காகிதம் தீர்ந்துவிட்டது. 'வீ ரேன் அவுட் ஆஃப் பேப்பர்' என்றாலும் அதேதான், ஆனால் எழுவாய் நாம். 'நாங்கள் தீர்ந்துவிட்டோம்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்! 'ஆஃப்' வந்தால் தீர்ந்தது அதற்குப் பின்னால் நிற்கும் பொருள். கிரிக்கெட்டில் வரும் 'ரன் அவுட்' வேறு கதை, அது உங்களுக்கே தெரியும்.

'ரன் இன்டு' என் பழைய விரோதி. பின்னால் வருவது மரமோ சுவரோ என்றால் மோதல். ஆள் என்றால் பெரும்பாலும் எதிர்பாராத சந்திப்பு. பிரச்சினை என்றால் அதில் மாட்டிக்கொள்வது. ஒரு தொகை வந்தால், செலவு அந்த அளவுக்குப் போய்விட்டது என்று பொருள்.

'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏற்றிவிடுவது, அல்லது கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவது. 'ரன் த்ரூ' என்றால் ஒரு முறை மேலோட்டமாகப் பார்ப்பது. 'ரன் இட் பை மீ' என்றால், அதை முதலில் என்னிடம் காட்டிக் கருத்துக் கேள் என்பது. அலுவலகங்களில் இது தினம் காதில் விழும்.

படி 5: பெயர்ச்சொல்லாக வந்தால்

முன்னால் 'எ' அல்லது 'த' நின்றால் இது பெயர்ச்சொல். கிரிக்கெட் ரன் பழகியது. 'டிரயல் ரன்' என்றால் வெள்ளோட்டம். 'சிக்கன் ரன்' என்றால் கோழிகள் நடமாட வேலி போட்ட இடம். 'இன் த லாங் ரன்' என்றால் நாளடைவில். ஒரே ஓர் எச்சரிக்கை: 'ஐ ஹாவ் த ரன்ஸ்' என்று மட்டும் சபையில் சொல்லிவிடாதீர்கள். எனக்கு வயிற்றுப்போக்கு என்று அறிவித்ததாக ஆகிவிடும்.

படி 6: நோட்டுப் போடுங்கள்

பொருள்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு வாரம், கண்ணில் படும் ஒவ்வொரு 'ரன்'னையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். அடியில் மூன்று கேள்விகள்: எது ஓடுகிறது? எதையாவது ஓட வைக்கிறார்களா? பின்னால் குட்டிச்சொல் உண்டா? அதற்கு அப்புறம் தமிழில் எழுதுங்கள். அதிலும் தெளியாவிட்டால் மட்டும் அகராதியைத் திறக்கலாம். அப்படியே இறந்தகாலத்தையும் கவனியுங்கள்: நேற்று நடந்தது 'ரேன்', ஆனால் 'ஹாவ்', 'ஹாஸ்' வந்தால் மறுபடி 'ரன்'.

சரி, இப்போது ஒரு பயிற்சி. இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள்:

'மை நோஸ் வாஸ் ரன்னிங், த மீட்டிங் ரேன் ஓவர், மை ஃபோன் ரேன் அவுட் ஆஃப் சார்ஜ், அண்ட் தென் ஐ ரேன் இன்டு த உமன் ஹூ ரன்ஸ் த கம்பெனி.'

விடை: மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கூட்டம் நேரத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டே போனது, போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, அந்த நேரம் பார்த்து கம்பெனியை நடத்தும் அம்மாவே எதிரில் வந்துவிட்டார்.

ஐந்து 'ரன்', ஒரு 'ஓடு'கூட இல்லை. நான்காவது இடத்தில் 'மோதிவிட்டேன்' என்று எழுதியிருந்தால் படி 4-க்குத் திரும்புங்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன்.