யூத வழிபாட்டில் துள்ளல் மெட்டு: எங்கே பிசகுகிறது?

யூத ஜெப ஆலயங்களில் துள்ளலான மெட்டுக்குத் தடையில்லை. வெள்ளி மாலை ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கும் ‘லெகா தோதி’யைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் ஷ்லோமோ அல்கபெட்ஸ் எழுதிய பாடல். பல சபைகளில் பாதிவரை நிதானமாகப் பாடிவிட்டு, ‘லோ தெவோஷி’ என்று தொடங்கும் கண்ணியில் வேகமெடுப்பார்கள். கடைசிக் கண்ணிக்கு எல்லோரும் எழுந்து, வாசல் பக்கம் திரும்பித் தலைவணங்குவார்கள். கொண்டாட்டமும் பணிவும் ஒரே பாட்டில்!

பிசகுவது மெட்டு அல்ல, அதை வைக்கும் இடம். வழிபாட்டை நடத்திப் பாடும் ஹஸான்கள் சிலர், லெகா தோதியில் எடுபட்ட மெட்டைக் கெதுஷாவுக்கும் கொண்டுபோகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. ஏசாயா தீர்க்கதரிசி தரிசனத்தில் கேட்ட வானவர் துதியைச் சபையே திருப்பிச் சொல்லும் இடம் கெதுஷா. கால்களைச் சேர்த்து நின்று, ‘கதோஷ், கதோஷ், கதோஷ்’ (பரிசுத்தர்) என்னும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் குதிகாலை உயர்த்துவார்கள். அங்கே கைதட்ட வைக்கும் தாளம் புகுந்தால், அந்த உயர்தலே ஆட்டமாகிவிடும்.

மெட்டு நீளம், வரி குட்டை என்றால் சொல்லை மடக்கி மடக்கிப் பாடுவதும் தவறு. நன்றி கூறும் இடத்தில் ‘மோதிம், மோதிம்’ (நன்றி கூறுகிறோம்) என்று இரட்டிப்பவரை நிறுத்தச் சொல்கிறது பழைய யூதச் சட்டத்தொகுப்பான மிஷ்னா; இரண்டு கடவுளரை வணங்குவதுபோல் தொனிக்கும் என்பதால். மற்ற வரிகளிலும் சொல்லை மடக்குவதைப் பிற்கால ரபிகள் பலர் விரும்பவில்லை. மிஞ்சும் மெட்டை, ஹசீதியர் என்னும் யூத பக்தி இயக்கத்தார்போல் சொல்லில்லாமல் முனகினால் போதும்.

நாள் பார்க்காமல் பாடுவது இன்னொன்று. எருசலேம் ஆலயத்தின் அழிவுக்காகத் துக்கம் காக்கும் திஷா பெஆவுக்கு முந்தைய ஓய்வுநாளில், நடு, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி சபைகள் பல லெகா தோதியையே ‘எலி ஸியோன்’ ஒப்பாரியின் மெட்டில் பாடும். பாவமன்னிப்பு வேண்டி நோன்பிருக்கும் யோம் கிப்பூரிலோ, ஊர் வழக்கத்திலுள்ள மெட்டுகளைக்கூட மாற்றக்கூடாது என்று போலந்து ரபி மோஷே இஸ்ஸெர்லெஸ் எழுதியே வைத்திருக்கிறார்.

அதற்காக எல்லாவற்றையும் அழுமூஞ்சியாக்குவதும் பக்தியாகாது. அதே யோம் கிப்பூரில், நாள் முழுக்க உண்ணாமல் நின்ற சபாத் பிரிவு ஹசீதியர்கள், அந்நாளின் நிறைவு வழிபாடான நெயிலாவின் முடிவில் ‘நெப்போலியன் அணிவகுப்பு’ என்னும் மிடுக்கான மெட்டை உரக்கப் பாடுகிறார்கள்.

புது மெட்டு முயல விரும்பும் ஹஸானுக்கு ‘அதோன் ஓலாம்’ என்னும் துதிப்பாடல் நல்ல இடம். சீரான யாப்பு, எந்த மெட்டுக்கும் வளையும். பெரும்பாலும் வழிபாட்டின் கடைசியில் வருவதால் பிள்ளைகளையே முன்னால் நிறுத்திப் பாடவிடலாம்.