லேப்டாப்புக்கு எந்த இயங்குதளம்? வாங்கிய பிறகு தெரியவரும் தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கு பார்க்கும் என் மாமா மகன் போன வருஷம் புது லேப்டாப் வாங்கினான். போன்களில் இருப்பது போன்ற ஆர்ம் வகை சிப், மெலிசான உடம்பு, விண்டோஸ் 11. “மாப்ள, காலைல சார்ஜரக் கழட்டுனா ராத்திரி வரைக்கும் தாங்குது” என்று போனில் ஒரே பெருமை. பொய்யில்லை, தாங்கத்தான் செய்தது. அந்த மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்தர வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தான். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்பதால் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அது பென்டிரைவ் போன்ற ஒரு டோக்கனில் இருக்கிறது. செருகினான், விளக்கு எரிந்தது. டோக்கனோடு வந்த மென்பொருளும் நல்லபடியாக நிறுவி முடிந்ததாகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. கையெழுத்துப் பட்டியல் மட்டும் காலியாகவே இருந்தது. கடைசியில் பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்பை அலமாரியிலிருந்து இறக்கி, சார்ஜரைச் செருகியபடியே இரவு பதினொன்றரைக்குத் தாக்கல் செய்தான்.

என்ன நடந்தது? ஆர்ம் சிப்பில் ஓடும் விண்டோஸுக்குள் பிரிசம் என்றொரு மொழிபெயர்ப்பான் இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி சிப்களுக்காக எழுதிய மென்பொருளை, ஓடும்போதே ஆர்ம் சிப்புக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும். பெரும்பாலானவை அதில் ஓடிவிடுகின்றன. ஆனால் செருகும் கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் டிரைவர் அப்படி மேலாக ஓடுகிற சமாசாரம் இல்லை. அது இயங்குதளத்தின் அடிவயிற்றுக்குள் போய் உட்காருவது. அங்கே மொழிபெயர்ப்பு நடக்காது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் இல்லாவிட்டால், அந்தக் கருவி அந்த லேப்டாப்பைப் பொறுத்தவரை இல்லாத மாதிரிதான்.

பெரிய மென்பொருளைப் பார்த்துவிட்டுச் சின்னதை விடுவது

மாமா மகனும் விசாரிக்காமல் வாங்கவில்லை. டாலி ஓடுமா, எக்செல் ஓடுமா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினான். எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம்; தினமும் கண்ணில் படும் பெயர்களைத்தான் கேட்கிறோம். மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிற டோக்கன், கடையில் இருக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஸ்டிக்கர் அடிக்கும் மெஷின், விரல்ரேகை வைக்கும் கருவி, ஆபீஸ் விபிஎன் எல்லாம் நினைவுக்கே வராது. அப்புறம் கழுத்தைப் பிடிப்பது அவைதான்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் முழுக்க என்னென்ன செருகுகிறோம், என்னென்ன திறக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதைத் தயாரித்தவர்களின் பதிவிறக்கப் பக்கத்துக்குப் போய், நீங்கள் வாங்கப்போகும் இயங்குதளத்தின் பெயரும் சிப் வகையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறுமனே ‘விண்டோஸ் 11’ என்று மட்டும் போட்டிருந்தால், ஆர்முக்கு இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். கடைக்காரரின் “ஓடும் சார், எல்லாம் ஓடும்” கணக்கில் வராது.

“விண்டோஸில் எல்லாம் ஓடும், மேக்கில் எதுவும் ஓடாது”

இந்த மாதிரி மொத்தமாகச் சொல்லும் எதையும் நம்ப வேண்டாம். டாலி பிரைம் விண்டோஸுக்கான மென்பொருள். மேக்கில் அதை நேரடியாக நிறுவ முடியாது. கட்டட வடிவமைப்பாளர்களின் ரெவிட், மெக்கானிக்கல் மாணவர்களின் சாலிட்வொர்க்ஸ் இரண்டும் அப்படியே. ஆட்டோகேட் மேக்கிலும் உண்டு, ஆனால் விண்டோஸ் பதிப்பில் இருக்கும் எல்லாம் அதில் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் பயன்படுத்தும் வைவாடோ விண்டோஸிலும், இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸிலும் ஓடும், மேக்கில் ஓடாது. மேட்லேப் மூன்றிலும் ஓடும். ஃபோட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. ஒரே கல்லூரியில் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு வெவ்வேறு லேப்டாப் தேவைப்படலாம் என்பதுதான் இதன் பொருள். சீனியர் அண்ணன் எதை வைத்திருக்கிறார் என்று பார்ப்பதைவிட, துறை ஆய்வகத்தில் என்ன மென்பொருள் என்று கேட்பது மேல்.

பெயர் ஒன்றாக இருப்பதாலேயே சரக்கும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. மேக்கில் எக்செல் இருக்கிறது. ஆனால் பெரிய தரவை அலசும் பவர் பிவட் இல்லை, ஆக்டிவ்எக்ஸ் பட்டன்கள் வைத்துச் செய்த படிவங்கள் வேலை செய்யாது. தரவுத்தள மென்பொருளான ஆக்சஸ் மேக்கில் வந்ததே இல்லை. ஆபீஸில் எப்போதோ ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போன மேக்ரோ ஃபைல் ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் மேக்குக்கு மாறாதீர்கள்.

தமிழ் தட்டச்சையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம். யூனிகோடில் அடிப்பவர்களுக்கு இன்று எங்கேயும் பிரச்சினை இல்லை. மேக்கில் தமிழ்99, அஞ்சல் என்ற தட்டச்சு முறைகள் கூடவே வருகின்றன. லினக்ஸில் தமிழ்99, டைப்ரைட்டர் முறை இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். சிக்கல் டிடிபி கடைகளில்தான். பழைய எழுத்துருவில் அடித்த திருமணப் பத்திரிகைகளும் ஆண்டுவிழா மலர்களும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்களாகக் கிடக்கின்றன. அந்த மென்பொருள் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோனது. எழுத்துரு ஃபைலை எந்த இயங்குதளத்துக்கும் நகல் எடுத்துப் போகலாம். அந்த எழுத்துருவில் அடிக்க உதவும் தட்டச்சுக் கருவிதான் கூட வராது. இந்தத் தொழிலில் இருப்பவர் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பில் விண்டோஸை வைத்துக்கொள்வதே நல்லது. பேட்டரி கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

இன்று ஓடுவது நாளையும் ஓடும் என்பது இன்னொரு நினைப்பு. ஆப்பிள் 2019-இல் கேடலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பில் பழைய 32-பிட் வகை மென்பொருள்களை ஒரேயடியாக நிறுத்தியது. 2020-இல் எம்1 சிப் வந்தபோது, இன்டெல் மேக் மென்பொருள்களை ஓட்ட ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பானைக் கொடுத்தது. மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு அதுவும் சில பழைய கேம்களுக்கு மட்டுமாகச் சுருங்கும் என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. இன்டெல் மேக்குகளுக்கு வரும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26. ஆகவே விலை மலிவாக இருக்கிறதே என்று செகண்ட் ஹேண்டில் இன்டெல் மேக்புக் வாங்க நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கூகுளின் இயங்குதளத்தோடு வரும் குரோம்புக்குக்கும் இப்படி ஒரு தேதி உண்டு. பத்து வருஷம் அப்டேட் என்பது அந்த மாடலின் வன்பொருள் வெளிவந்த நாளிலிருந்து எண்ணுவது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

பேட்டரிக்கு இயங்குதளத்தை மட்டும் காரணம் சொல்வது

பேட்டரிக் கணக்கு ரொம்ப எளிது, ஆனால் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் எழுதியிருக்கும். அதை லேப்டாப் சராசரியாக இழுக்கும் வாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வந்துவிடும். எம்1 மேக்புக் ஏரின் பேட்டரி 49.9 வாட்-மணி, இணையம் பார்த்தால் 15 மணி நேரம் வரும் என்று ஆப்பிள் சொன்னது. வகுத்துப் பாருங்கள், சராசரி 3.3 வாட். திரையையும் சேர்த்து! அதே சமயம் 80 வாட்-மணி பேட்டரி உள்ள ஒரு கேமிங் லேப்டாப் 20 வாட் இழுத்தால் நான்கே மணி நேரம்தான். பெரிய பேட்டரி என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

இதில் இயங்குதளத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் சிப், திரை, தனி கிராஃபிக்ஸ் இருக்கிறதா என்பவை அதைவிடப் பெரிய பங்குதாரர்கள். சிப் பெயரின் கடைசியில் எச்எக்ஸ் என்று இருந்தால் அது வேகத்துக்குச் செய்தது. பேட்டரியில் நீண்ட நேரம் எதிர்பார்க்க வேண்டாம். ஓஎல்இடி திரையில் வெள்ளைப் பக்கத்தை நாள் முழுக்கத் திறந்துவைத்து வேலை செய்தால் சார்ஜ் கூடுதலாகப் போகும். 120 ஹெர்ட்ஸில் ஓடும் திரையை 60-க்குக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். அப்புறம், ஆர்ம் சிப் வாங்கினால்தான் பேட்டரி நிற்கும் என்பதும் பழைய கதையாகிவிட்டது. 2024 செப்டம்பரில் இன்டெல் வெளியிட்ட லூனார் லேக் வகை சிப்கள் பழைய மென்பொருளையும் டிரைவரையும் அப்படியே ஓட்டிக்கொண்டு, பேட்டரியிலும் நன்றாகவே தாக்குப்பிடிக்கின்றன. மாமா மகனின் தேவைக்கு அதுதான் பொருத்தமாக இருந்திருக்கும்.

விளம்பரத்தில் வரும் ‘22 மணி நேரம்’ போன்ற எண்கள் பெரும்பாலும் வீடியோ ஓடவிட்டு எடுத்தவை. வீடியோவைக் காட்ட சிப்பில் தனிப் பகுதி இருப்பதால் அதற்குக் கொஞ்சம் மின்சாரம்தான் வேண்டும். ஜூமில் கேமராவைத் திறந்துவைத்துப் பேசுவது வேறு விஷயம். எந்த விளம்பர எண்ணைப் பார்த்தாலும் அதில் பாதியை மட்டும் மனதில் குறித்துக்கொள்வது என் வழக்கம்.

லினக்ஸ் பற்றி இரண்டு மூடநம்பிக்கைகள்

“லினக்ஸ் லேசானது, பேட்டரி கூட வரும்” என்பது ஒன்று. “லினக்ஸ் போட்டால் பேட்டரி தண்ணியாய்ப் போகும்” என்பது மற்றொன்று. என் லேப்டாப்பிலேயே இரண்டையும் பார்த்திருக்கிறேன். உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்ட முதல் நாள், எதையும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே 14 வாட் இழுத்தது. பேட்டரி 45 வாட்-மணி. சும்மா வைத்திருந்தாலே மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். பவர்டாப் என்ற சின்ன நிரலை ஓட்டிப் பார்த்ததில், யாரும் கூப்பிடாமலே தனி கிராஃபிக்ஸ் சிப் விழித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதைத் தூங்கவைத்துவிட்டு, இன்டெல் சிப்போடு வரும் கிராஃபிக்ஸை மட்டும் வைத்துக்கொண்டதும் 6 வாட்டுக்கு இறங்கியது. அதே லேப்டாப், அதே இயங்குதளம், இரண்டு மடங்குக்கு மேல் நேரம்.

லினக்ஸ் போடுபவர்கள் வேறு இரண்டு இடத்தில் வழுக்குவார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த டிஎல்பி நல்ல கருவிதான். ஆனால் உபுண்டுவிலும் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையிலும் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒரு சேவை ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் ஒன்றின் அமைப்பை இன்னொன்று மாற்றிக்கொண்டே இருக்கும். ஒன்றை நிறுத்திவிடுங்கள். அடுத்தது யூடியூப். வீடியோவை அதற்கென இருக்கும் பகுதி காட்டாமல் சிபியூவே சுமந்தால் ஃபேன் அலறும், சார்ஜ் கரையும். ஃபெடோராவில் காப்புரிமைச் சிக்கலால் சில வீடியோ வகைகளுக்கான ஆதரவு கூடவே வராது. தனியாகச் சேர்க்க வேண்டும்.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, மைக், கேமரா, வெளிச்சம் கூட்டும் பொத்தான் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். மூடி வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தால் எழுந்திருக்கிறதா என்பதை மறக்காதீர்கள். விரல்ரேகை ரீடர் வேலை செய்யாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பையில் சூடாகும் லேப்டாப்

மூடியை மூடினால் தூங்கிவிடும் என்று நினைத்துப் பையில் போட்டுவிட்டு, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் எடுத்துப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி சுடும். இப்போதைய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது மாடர்ன் ஸ்டாண்ட்பை. போன் மாதிரி, தூங்கும்போதும் இணையத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சில சமயம் ஏதாவது ஒரு நிரல் அதை முழுசாக எழுப்பியே விட்டுவிடும். கண்ட்ரோல் பேனலில் பவர் அமைப்புக்குப் போய், திறந்திருப்பதையெல்லாம் வட்டில் சேமித்துவிட்டு முழுசாக அணைக்கும் ஹைபர்னேட்டை இயக்கி, மூடியை மூடினால் அதுவே நடக்கும்படி வைத்துவிடுங்கள். திறக்கும்போது சில விநாடி கூடுதலாகும். பரவாயில்லை. மேக்கில் இந்தத் தொல்லை குறைவு. லினக்ஸில் மாடலுக்கு மாடல் மாறும்.

இரண்டு இயங்குதளத்தையும் ஒரே லேப்டாப்பில் வைத்துக்கொள்ளலாம் என்பது

2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்தியத் தயாரிப்பு லினக்ஸும் இருந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் யாரும் பாஸ் பக்கம் போனதில்லை. இரண்டு இயங்குதளம் வைத்தாலும் மனிதர்கள் ஒன்றில்தான் குடியிருப்பார்கள். சரி, வேண்டும் என்றால் வையுங்கள். ஆனால் விண்டோஸ் 11 லேப்டாப்பில் வட்டைப் பிரிப்பதற்கு முன், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி எடுத்துவையுங்கள். பல லேப்டாப்களில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். லேப்டாப் தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸில் எதையாவது மாற்றியதும் அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் படம், ஃபைல் எல்லாம் போனது போனதுதான்.

மேக்குக்குள் அல்லது லினக்ஸுக்குள் விண்டோஸை மெய்நிகர் கணினியாக ஓட்டுவது எப்போதாவது ஒரு வேலைக்குச் சரி. தினமும் எட்டு மணி நேரம் அதிலேதான் டாலி என்றால், ஒரு பேட்டரியில் இரண்டு குடும்பத்துக்குச் சோறு போடுகிறீர்கள். எம் வரிசை மேக்கில் அப்படி ஓடுவதும் ஆர்ம் விண்டோஸ்தான். டோக்கன் கதை அங்கேயும் திரும்ப வரும்.

பழைய லேப்டாப்பை மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால் பலர் லினக்ஸ் மின்ட் பக்கம் வருகிறார்கள். நல்ல முடிவு. ஆனால் பேட்டரியின் இப்போதைய கொள்ளளவை முதலில் பாருங்கள். 48 வாட்-மணியாகப் பிறந்தது 22-இல் நின்றால் எந்த இயங்குதளமும் அதைத் திரும்பக் கொடுக்காது. புது பேட்டரிதான் வழி.

மாமா மகன் போன மாதம் கம்பெனிக்கு இன்னொரு லேப்டாப் வாங்கப் போனான். சட்டைப்பையில் டோக்கன், கையில் பிரிண்டர் கேபிள். காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பில் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு முதல் கடையில் முடியாது என்றார்கள். இரண்டாவது கடையில் சரி என்றார்கள். அங்கேயே வாங்கிவிட்டான்.