சாரணச் சிறுவர்களை மலைப்பாதைக்கு அழைத்துச் செல்லும் தலைவர்களுக்கு

சாரண இயக்கத்தில் படை நடத்துபவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாமல் உழைப்பவர்கள். வார நாட்களில் வகுப்பெடுத்தோ அலுவலகம் போயோ களைத்த பிறகு, சனி ஞாயிறுகளை ஊரார் பிள்ளைகளுக்காக ஒதுக்குகிறவர்கள். ஆனால் காட்டுப் பாதையில் முப்பது பிள்ளைகளை முன்னே நடக்க விட்ட நிமிடத்திலிருந்து, தொண்டர் என்பதற்காகப் பொறுப்பில் எந்தச் சலுகையும் கிடையாது. மலைநடையின் பாதுகாப்பு பெரும்பாலும் தலைவர் முன்கூட்டியே எடுத்து வைக்கும் முடிவுகளில்தான் இருக்கிறது என்பதும், அவற்றில் முதன்மையானது திரும்பி வருவதற்கான முடிவு என்பதும் என் உறுதியான எண்ணம். தமிழகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையையும் அதன் அடிவாரக் காடுகளையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

யார் யார் போக வேண்டும்

ஆறு முதல் எட்டுப் பேர் வரை ஓர் அணி. நான்கு அணிகள் நிறைந்தால் படையில் 32 பேர். அணிக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு சிறிய குழுவாக இருந்தாலும் இரண்டு பெரியவர்களுக்குக் குறைந்து காட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் ஒருவர் அதனுடன் இருக்க வேண்டும், மற்றவர் மீதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உதவி கேட்டு யாரையாவது கீழே அனுப்ப வேண்டியிருந்தால் மூன்றாவது ஆளும் தேவைப்படுவார். உதவிக்கு வரும் திரிசாரணர்கள் (இயக்கத்தின் மூத்த பிரிவினரான ரோவர்கள்) துடிப்பானவர்களே. என்றாலும் பதினெட்டு வயது நிறையாதவரைப் பெரியவர் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாரணியர் உடன் வந்தால் பெண் தலைவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் மற்றவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தனியாக இருக்கலாகாது என்ற விதியை, யாரும் புண்படுவார்களே என்று தயங்காமல், புறப்படும் முன்பே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். இது பிள்ளைகளுக்கும் காப்பு, நேர்மையாகத் தொண்டு செய்யும் பெரியவர்களுக்கும் காப்பு. பிள்ளை எதையாவது வெளியிட்டுச் சொன்னால் அதை மூடிமறைப்பதற்கு இடமே இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும்.

சாரணத் தலைவர்களுக்கான உயர்நிலைப் பயிற்சித் தகுதியான ஹிமாலயன் வுட் பேட்ஜ் பெற்ற மூத்த தலைவராகவே இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட பாதையை அவர் அறிந்திருக்கிறாரா என்பது தனிக் கேள்வி. எனவே நடைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு, தலைவர்களில் ஒருவராவது அந்தப் பாதையை முழுவதும் நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும். தண்ணீர் எங்கே கிடைக்கிறது, பாதை எங்கே பிரிகிறது, செல்பேசி சிக்னல் கடைசியாக எந்த வளைவில் கிடைத்தது, ஜீப் எதுவரை ஏறி வரும் என்பவற்றை அவர் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அனுமதியும் பருவமும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். சிகிச்சை பலனின்றி இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர். அவர்கள் சாரணர்கள் அல்லர். ஆனாலும் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொருவரும் அந்த நிகழ்வைத் தமக்கு வந்த எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மாசி, பங்குனி மாதங்களில் மலைச்சரிவுப் புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும். தீ சமதரையைவிட ஏற்றத்தில் வேகமாகப் பரவும், ஏனென்றால் கீழே எரியும் நெருப்பு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. மேல்நோக்கி ஓடித் தப்ப நினைப்பவரைத் தீ எளிதில் எட்டிவிடும். பக்கவாட்டில் விலகி வெறும் பாறைத் தளத்தையோ, ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலத்தையோ சேர்வதே வழி. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். எனினும், கோடைத் தொடக்கத்திலிருந்து நல்ல மழை விழும் வரை புல்மலைப் பாதைகளைத் தவிர்த்துவிடுவதே சரியான முடிவு.

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. எந்தப் பாதைக்கு அனுமதி வாங்கினோமோ அந்தப் பாதையில் மட்டுமே நடக்க வேண்டும், ஏனென்றால் ஏதாவது நேர்ந்தால் மீட்புக் குழு அந்தப் பாதையில்தான் தேடி வரும். 2024இல் தமிழக அரசு தொடங்கிய நடைபயணத் திட்டத்தில் 40 பாதைகள் வகுக்கப்பட்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். முதல் முறையாகப் படையை மலைக்குக் கூட்டிச் செல்பவர் அத்தகைய பாதைகளில் எளிதான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சிறுவர்களுக்கான விதிகளை முன்பதிவின்போதே கேட்டறிந்துகொள்வது நல்லது. வழிகாட்டியாக வரும் மலைவாழ் இளைஞர் "இன்னைக்கு வேண்டாம்ங்க" என்று சொன்னால் அன்று வேண்டாம்தான். அவரிடம் காரணம் கேட்கலாம், வாதாடக் கூடாது.

திரும்பும் நேரம்

1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் 600 மீட்டர் உயரம் ஏறுவதற்கு இன்னொரு மணி நேரம் என்பது அந்தக் கணக்கு. நல்ல உடற்கட்டுள்ள பெரியவருக்கு அது பொருந்தும். பை சுமந்து, வண்ணத்துப்பூச்சியைப் பார்த்ததும் நின்றுவிடும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, வரும் விடையுடன் அதில் பாதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: உச்சி நான்கு கிலோமீட்டர் தொலைவில் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நெய்ஸ்மித் கணக்கில் ஏற 48 நிமிடமும் ஒரு மணியும், அதாவது 1 மணி 48 நிமிடம் ஆகும். பாதியைக் கூட்டினால் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம். இறங்க ஒன்றேகால் மணியாவது ஆகும், செங்குத்தான இறக்கமாக இருந்தால் அதைவிடக் கூடும். காலை ஏழுக்குப் புறப்பட்டால் பத்து மணிக்குள் உச்சியில் இருக்க வேண்டும். ஆகவே திரும்பும் நேரம் பத்தரை என்று முடிவு செய்துகொள்ளலாம்.

பத்தரை என்றால், எங்கே நின்றுகொண்டிருந்தாலும் பத்தரைக்குத் திரும்புவது. உச்சி கண்ணுக்கெதிரே தெரியும்போது இதைச் செயல்படுத்துவது எவ்வளவு கடினம் என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் "சார், இன்னும் பத்து நிமிஷம் சார்" என்று கெஞ்சுவார்கள். பேருந்து வாடகைக்குப் பெற்றோர் கொடுத்த பணம் நினைவுக்கு வரும். பள்ளித் தலைமையாசிரியரிடம் உச்சியில் எடுத்த படத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். இத்தனையையும் அந்த இடத்தில், களைத்த மூளையோடு, எடைபோட்டு முடிவெடுக்க முடியாது. அதனால்தான் முடிவை முந்தின வாரமே எடுத்துவிட வேண்டும் என்கிறேன். கோர்ட் ஆஃப் ஹானர் என்று நாம் சொல்லும் அணித் தலைவர் கூட்டத்தில் அந்த நேரத்தை அறிவித்து, நடையின் விவரங்களைக் குறிக்கும் நடைத்தாளில் எழுதி, பெற்றோருக்கு அனுப்பும் குறிப்பிலும் சேர்த்துவிட்டால், மலையில் நிற்கும்போது அது தலைவரின் தனி விருப்பமாகத் தோன்றாது. எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தமாகிவிடும். பாதியில் திரும்பினாலும் நடை முழுமையாக முடிந்ததாகவே கருதப்படும் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும்.

நேரத்துக்காக மட்டுமல்லாமல் வேறு சில காரணங்களுக்காகவும் திரும்ப வேண்டியிருக்கும். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்க முப்பது நொடிக்குக் குறைந்தால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உச்சியையும் திறந்த புல்வெளியையும் தனி மரத்தையும் விட்டு உடனே இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும் வரை மீண்டும் ஏறக் கூடாது. கடந்துவந்த ஓடையில் தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் அடித்துவரத் தொடங்கினால் மேலே எங்கோ மழை கொட்டுகிறது என்று பொருள். அப்போது வெள்ளம் வடியும் வரை கரையிலிருந்து விலகி உயரமான இடத்தில் காத்திருக்க வேண்டுமே தவிர, கயிறு கட்டிப் பிள்ளைகளைக் கடத்த முயலக் கூடாது. இந்த முடிவுகளில் இன்னொரு விதியையும் வைத்துக்கொள்ளலாம்: பெரியவர்களில் யாராவது ஒருவர் திரும்பலாம் என்றால் எல்லாரும் திரும்புவது. வயதில் இளைய துணைத் தலைவர் பெரியவரின் முகத்துக்காக வாய்மூடி இருந்துவிடாமல் இந்த விதி பார்த்துக்கொள்ளும்.

நடக்கும் ஒழுங்கு

பாதை தெரிந்த பெரியவர் முதலிலும், முதலுதவிப் பையுடன் ஒருவர் கடைசியிலும் நடக்க வேண்டும். முதலாமவரை எந்தப் பிள்ளையும் முந்தக் கூடாது, கடைசியில் வருபவரை விட்டு எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது. மெதுவாக நடக்கும் அணியை முதலாமவருக்கு அடுத்தாற்போல் வையுங்கள். வேகமான பிள்ளைகளை முன்னே விட்டால் நடப்பது இதுதான்: அவர்கள் ஒரு வளைவில் பத்து நிமிடம் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள், பின்தங்கிய பிள்ளை மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்பிவிடுவார்கள். ஓய்வு யாருக்கு மிகவும் தேவையோ அவனுக்கு அது கிடைப்பதேயில்லை. நாள் முழுவதும் இப்படியே போனால் மதியத்துக்குள் அவன் தடுக்கி விழத் தொடங்குவான்.

தலையெண்ணிப் பார்ப்பதை அணித் தலைவர்களிடம் விட்டுவிடுங்கள். ஏழு பேரை எண்ணுவதில் பதின்மூன்று வயதுப் பிள்ளை தவறு செய்வதில்லை; முப்பது பேரை எண்ணும் பெரியவர் தவறு செய்வார். ஒவ்வொரு ஓய்விடத்திலும், ஒவ்வொரு ஓடையைக் கடந்த பிறகும், கிளம்பும் முன் நான்கு அணித் தலைவர்களும் தம் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். பாதை பிரியும் இடங்களில் கடைசிப் பிள்ளை வந்து சேரும் வரை அனைவரும் நிற்க வேண்டும். சிறுநீர் கழிக்க ஒதுங்குபவர் இருவராகச் சென்று, தம் பையைப் பாதையோரத்தில், தாம் போன பக்கமாக வைத்துவிட்டுப் போகட்டும். கடைசியில் வருபவர் பையைப் பார்த்து நின்றுவிடுவார்.

பிள்ளைகள் ஒவ்வொருவர் கழுத்திலும் விசில் இருக்க வேண்டும். நீண்ட ஓர் ஊதல் 'கவனி' என்பதற்கும், அடுத்தடுத்த குறுகிய ஊதல்கள் 'கூடு' என்பதற்கும், குறிலும் நெடிலும் மாறி மாறி வருவது ஆபத்துக்கும் என்று நம் இயக்கத்தில் பழகியிருக்கிறோம். மலைகளில் உலகெங்கும் அறியப்பட்ட ஆபத்துக்குறியாகிய நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு என்பதையும் அதனுடன் கற்றுத்தர வேண்டும். வழி தவறியதாக உணர்ந்தால் அந்த இடத்திலேயே நின்று ஊதுவது. தேடிக்கொண்டு நடப்பது அல்ல.

உடலைப் பார்த்துக்கொள்ளுதல்

மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், வெயிலில் இன்னும் கூடுதலாக. புட்டியைச் சுமந்துவந்தும் குடிக்காத பிள்ளைகள் பலர். ஓய்வின்போது "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், புட்டியை உயர்த்திக் காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். வெயில் தாக்கும் முன் சில அடையாளங்கள் தெரியும். ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பையன் திடீரென்று மௌனமாகிவிட்டால் அவனை நிறுத்திப் பாருங்கள். தலைவலி, குமட்டல் என்றால் நிழலில் உட்காரவைத்து, ஒரு லிட்டர் நீரில் கரைத்த ஓஆர்எஸ் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்பவாதம். அப்போது வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்கு அழைக்க வேண்டும்.

குதிகாலில் எரிகிறது என்று பிள்ளை சொன்ன அந்த இடத்திலேயே நின்று காலணியைக் கழற்றிப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். உச்சிக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் கொப்புளம் உடைந்திருக்கும். அட்டைக்கு உப்பு போதும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், காப்பு, கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, பிள்ளையை நடக்கவிடாமல் சுமந்து இறக்கி, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டுசெல்ல வேண்டும். பாம்பை அடித்து எடுத்துவரத் தேவையில்லை. பாறை விளிம்புகளில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும் இடங்களில் புகை மூட்டுவதும், நறுமணத் தைலம் பூசிவருவதும், கல்லெறிவதும் பேராபத்து. தேனீ கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓட வேண்டும். யானையின் புதுச் சாணம் தென்பட்டால் வழிகாட்டியின் சொல்படி சத்தமின்றிப் பின்வாங்குங்கள்.

ஊரில் ஒருவர்

நடைத்தாளின் ஒரு படி ஊரில் பொறுப்பான ஒருவரிடம் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியல், பெற்றோர் எண்கள், ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை முதலிய மருத்துவக் குறிப்புகள், பாதை, வனச்சரக அலுவலக எண் ஆகியவை அதில் இருக்கட்டும். எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் அவர் வனத்துறையை அழைக்க வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். அடிவாரத்துக்கு வந்ததும் முதல் அழைப்பு அவருக்குத்தான். இறங்கிய பின் அணித் தலைவர்களை உட்காரவைத்து, யார் எங்கே வழுக்கினார், எந்த இடத்தில் வரிசை கலைந்தது, யாருக்குத் தண்ணீர் போதவில்லை என்று கேட்டு, பெரிதாக எதுவும் நேராவிட்டாலும் அன்றே எழுதி வைக்க வேண்டும். அடுத்த நடையின் திரும்பும் நேரத்தை முடிவு செய்ய அந்தத் தாள்தான் உதவும். கடைசிப் பிள்ளையின் வீட்டார் வந்து அழைத்துச் செல்லும் வரை பெரியவர்கள் இருவர் அங்கேயே இருக்க வேண்டும்.