கேம்ப் ஃபயர்ல சமைக்கணுமா, முதல்ல தணல் வரட்டும்

கேம்பிங் போய் முதல் தடவ சமைக்கிறவங்க நிறைய பேரு பண்றது இதுதான், தீ கொழுந்துவிட்டு எரியுறத பாத்ததும் பசியில சட்டிய தூக்கி அது மேல வச்சிடுவாங்க. நானும் அப்படி வச்சிருக்கேன், கோழி வெளிய கருகிப்போயி உள்ள பச்சையா இருந்துச்சு. கொழுந்து காத்துக்கு ஆடிக்கிட்டே இருக்கும், சூடு ஒரு எடத்துல நிக்காது, தணல்தான் ஒரே சீரா சூடு குடுக்கும்.

அதனால சாப்பிடுற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தீ மூட்டிடுங்க. அந்த எடத்துல தீ மூட்ட அனுமதி இருக்கான்னு மொதல்ல கேட்டுக்கோங்க, சுத்தி 3 மீட்டருக்கு சருகு, காஞ்ச புல்லு எதுவும் இல்லாம கூட்டிடுங்க. அடுப்புக்கு கல்லு ஆத்துல இருந்து எடுக்காதீங்க ப்ளீஸ், உள்ள ஊறியிருக்க தண்ணி ஆவியாகி கல்லு வெடிச்சு செதறும். வெறகு நல்லா காஞ்சிருக்கணும், ஒடச்சா படக்குன்னு ஒடையணும், வளைஞ்சா அது ஈரம், வெறும் பொகதான் வரும். பெயின்ட் அடிச்ச பலகை, பிளாஸ்டிக் எதையும் தீயில போடவே போடாதீங்க, அந்த பொக விஷம்.

மெல்லிசு சுள்ளியில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா தடிமனான கட்டைக்கு போங்க, ஒரு 30, 45 நிமிஷத்துல கட்டை செவந்து மேல சாம்பல் பூக்கும். அப்போ ஒரு குச்சியால அந்த கங்க ஒரு பக்கமா இழுத்துப் பரப்பிடுங்க, இன்னொரு பக்கம் தீ எரிஞ்சுக்கிட்டே இருக்கட்டும், சூடு கொறையுறப்ப அங்க இருந்து புதுக் கங்கு இழுத்துக்கலாம். எனக்கு கேம்ப் சமையல்ல ரொம்ப உதவுனது இந்த ஒண்ணுதான்.

சூடு எவ்வளவுன்னு கைய வச்சே பாக்கலாம். சட்டி வைக்கிற ஒசரத்துல உள்ளங்கைய காட்டுங்க (தொடாம), 2, 3 செகண்ட்லயே இழுத்துக்கிட்டா கடும் சூடு, வறுக்க சரி, 5, 6 செகண்ட் தாங்குச்சுன்னா மிதமான சூடு, கோழி, மீனு மாதிரி நெதானமா வேகணும்னா இதான். கோழிய சின்ன துண்டா போடுங்க, உள்ள 74 டிகிரி செல்சியஸ் வரணும், தெர்மாமீட்டர் இருந்தா சந்தேகமே வேணாம். உருளைக்கிழங்க ஃபாயில்ல சுத்தி கங்குக்கு ஓரமா பொதச்சு வச்சு அப்பப்ப திருப்பி விட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள வெந்துடும்.

ஒசரமான மலையில தண்ணி கம்மி சூட்டுலயே கொதிச்சிடும், அதனால வேக நேரம் கூட ஆகும். ஓடைத் தண்ணிய தளதளன்னு 1 நிமிஷம் கொதிக்க விட்டுத்தான் குடிக்கணும், 2000 மீட்டருக்கு மேலன்னா 3 நிமிஷம்.

அப்புறம் சட்டிய அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடி வெளிப்பக்கம் மட்டும் பாத்திர சோப்ப லேசா தடவிடுங்க, கரி தண்ணியிலயே போயிடும்.

குளுருதுன்னு மிச்ச கங்க டென்ட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க, கங்குல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையே கெடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். தண்ணி ஊத்தி, கிளறி, மறுபடி ஊத்துங்க, பொறங்கைய கிட்ட கொண்டு போனா கொஞ்சங்கூட சூடு தெரியக்கூடாது, அப்புறமா தூங்கப் போங்க.